நளீரின் சோதனை அறிவித்தல்

திகனயில் கைபேசி திருத்தும் கடை வைத்திருக்கும் நளீர் நல்ல மனிதர்தான். ஆனால் ரோஷம் தலைக்கேறினால் லேசில் இறங்காது. மூத்தவர், ஹுஸைன் நானா, குண்டசாலையில் இருக்கிறார். பஸ் ஏறினால் கூப்பிடு தூரம். இருந்தும் மூன்று வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஹுஸைன் தன் மகள் பர்ஹானாவின் கல்யாணத்தை வாட்ஸ்அப்பில் சொன்னதுதான் காரணம். கூடப்பிறந்தவனுக்கு வீடு தேடி வந்து சொல்வதல்லவா முறை? ஊருக்கெல்லாம் போன அதே அழைப்பிதழ்ப் படம் தனக்கும் வந்ததில் நளீருக்கு மனம் வெந்தது. கல்யாணத்துக்குப் போகவில்லை. கைபேசியால் பிழைக்கிற ஆளுக்குக் கைபேசியில் வந்த அழைப்பு மட்டும் கௌரவக் குறைச்சலா என்று மனைவி அஸீமா கேட்டாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒருமுறை நாட்டில் சமூக வலைத்தளங்களை நிறுத்திவைத்திருந்த நாட்களில், யாராவது இறந்துபோன மௌத்துச் செய்திகூட நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று ஊரில் குறைபட்டார்கள். அதிலிருந்து நளீருக்கு ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்துக் கணினிக்காரர்கள் 'புல்லட்டின் போர்ட்' என்று ஒன்று வைத்திருந்தார்கள். படமில்லை, விளம்பரமில்லை, வெறும் எழுத்துதான். ஒருவர் வீட்டுக் கணினிக்குள் மற்றவர்கள் வந்து வாசித்துவிட்டு, எழுதிவிட்டுப் போவார்கள். அப்படியொன்றைத் தன் வீட்டில் நிறுவ வேண்டும், முதல் பலகை மௌத்தானவரின் அடக்கத்தைச் சொல்லும் ஜனாஸா அறிவித்தலுக்கு என்று முடிவு செய்தார். ஊர் அதைக் கேட்டதா என்றால், இல்லை.

மென்பொருள் தன்னைத் தானே நிறுவிக்கொள்ளும் வசதியோடு வந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. எது எங்கே போய் உட்காருகிறதென்று தெரியாமல் எப்படி வீட்டுக்குள் விடுவது? பொதியைத் தானே பிரித்தார், கோப்புறைகளைத் தானே உண்டாக்கினார், அமைப்புக் கோப்பை வரி வரியாகத் திருத்தினார். ஒரு வரி பிசகினால் சேர்வர் எழும்பாது. எழும்பினாலும் தமிழ் வராமல் கேள்விக்குறிகளாகக் கொட்டும். வெளியிலிருந்து நுழைய முடிகிறதா என்று பார்க்க, பேராதனையில் மருந்துக்கடை வைத்திருக்கும் கூட்டாளி ஷப்ராஸுக்காக சனிக்கிழமை ரவுட்டரில் வழி திறந்துவிட்டார். சேர்வர் அப்போது எழும்பாததால் ஷப்ராஸால் நுழைய முடியவில்லை. திறந்த வழியை மூட நளீர் மறந்துபோனார்.

ஞாயிறு காலை தமிழ் வந்துவிட்டது. இனி ஒரு முழு அறிவித்தலை எழுதிப் பார்க்க வேண்டும். பலகை ஜனாஸாவுக்கானது, சோதனையும் ஜனாஸாவாகத்தானே இருக்க வேண்டும்? அடுத்தவர் பெயரைப் போடக் கை கூசியது. தன் பெயரையே போட்டார்: 'ஜனாஸா அறிவித்தல். திகன நளீர் வபாத்தானார். நல்லடக்கம் இன்று அஸர் தொழுகைக்குப் பின்.' ஓர் எழுத்தும் சிதையவில்லை. தன் மௌத்தைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவர் அந்த வட்டாரத்தில் வேறு யாரும் இருக்கமாட்டார்.

கடையில் ஆள் குறைந்த நேரத்தில் ஷப்ராஸ் இன்னொரு தரம் முயன்றார். இம்முறை கதவு திறந்தது. முதல் பலகையிலேயே கூட்டாளியின் மௌத்து. வீட்டார் யாரோ போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தார். மௌத்தானவருக்கே போன் எடுத்து விசாரிக்கிற வழக்கம் எங்கும் இல்லை. ஜனாஸாச் செய்தியை ஆறப்போடுகிற வழக்கமும் இல்லை. உடனே ஹுஸைனுக்குப் போன் எடுத்துச் சொன்னார்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் வாசலில் த்ரீவீலர் வந்து நின்றது. இறங்கிய ஹுஸைனின் காலில் செருப்பு ஜோடி மாறியிருந்தது. கக்கத்தில் ஜனாஸாவைச் சுற்றும் புதுக் கபன் துணி. உள்ளே தம்பி கதிரையில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார்.

 அஸீமாதான் துணிப் பொதியைக் கண்டு பதறி என்னவென்று கேட்டாள். ஹுஸைன் சொன்னதும் நளீருக்கு விஷயம் விளங்கியது. எச்சில் கையால் கணினியைக் காட்டி, இது சும்மா சோதனை, வெளியே போகுமென்று தெரியாது என்று தடுமாறினார். ஹுஸைன் திரைக்கு முன்னால் குனிந்து அந்த மூன்று வரியையும் வாசித்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அழுது தீர்ந்தபின்தான் கோபம் வந்தது.

"வீட்ட வந்து சொல்லல்லண்டுதானே நீ எண்ட மகள்ட கலியாணத்துக்கு வரல்ல?"

நளீர் சோற்றுப் பீங்கானைத் தள்ளிவைத்தார்.

"ஒண்ட மௌத்தயும் யாரும் எனக்கு வீட்ட வந்து சொல்லல்ல. போன்லதான் சொன்னாங்க. நான் வராம இருந்தேனா?"

நளீரின் கையில் சோறு காய்ந்துபோயிருந்தது. மூன்று வருடம் பொத்திப் பொத்தி வளர்த்த ரோஷம் எவ்வளவு அற்பமானதென்று வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார், அழுகைதான் வந்தது. அஸீமா கபன் துணியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, மூத்தவருக்கு ஒரு பீங்கான் எடுத்து வைத்துச் சோறு போட்டாள்.

ஹுஸைன் வழியெல்லாம் சொந்தக்காரர்களுக்குப் போனில் சொல்லிக்கொண்டே வந்திருந்தார். அதை மாற்றிச் சொல்ல யாருக்கும் நினைவு வரவில்லை. நளீரை அடக்கம் செய்யவென்று அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்கு நிறையப் பேர் வந்தார்கள். நளீர் முன்வரிசையில், நானாவின் தோளோடு தோள் ஒட்டி நின்று தொழுதார்.