ருகையா பேரில் ஒரு விண்வெளி நிலையம்

அடுத்த வீட்டுச் சங்கதி என்றால் எனக்குக் காது தானாக நீளும். அதில் எனக்கு ஒரு வெட்கமும் கிடையாது. ஆத்தூரிலிருந்து பஸ் ஏறிப் போய், பக்கத்து ஊரான காயல்பட்டினத்தில் வீடு வீடாகச் செல்போன் ரிப்பேர் பார்க்கிறவள் நான். கடையில் போனைக் கொடுத்தால் உள்ளே இருக்கிற படத்தையெல்லாம் பார்த்துவிடுவார்கள் என்று பயப்படுகிற பெண்கள் எனக்குச் சொல்லி அனுப்புவார்கள். அந்த ஊரில் வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் மட்டும் நடக்கிற முடுக்குச் சந்துகள் உண்டு. டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அதில் நடந்தால், யார் வீட்டில் என்ன குழம்பு, யார் வீட்டில் என்ன சண்டை என்று எல்லாம் தெரிந்துவிடும்.

அப்படி நடக்கும்போதுதான் ஒரு நாள் அந்தச் சத்தம் கேட்டது.

"யாரு வாரது? பேரும் பதவியும் சொல்லு. சொல்லலன்னா சுட்டுப் போடுவேன்!"

பெண் குரல். ஓடிவிடுவதுதான் புத்தி. ஆனாலும் ஓடிவிட மனசு வருமா? என்னதான் நடக்கிறது என்று பார்க்காமல் போனால் ராத்திரி எனக்குத் தூக்கம் வராது. பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை உருவிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி, முக்காட்டுக்கு மேலே ஹெட்செட் மாட்டிக்கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எதிரே டம்ளரில் சாய்த்து வைத்த செல்போன்.

"யாரைச் சுடப் போறிய, லாத்தா?" என்று கேட்டேன்.

"சுட மாட்டேன் புள்ள. சும்மா மெரட்டுனேன். உள்ள வா" என்றார்.

அவர்தான் ருகையா லாத்தா. அந்த ஊரில் அக்காவை லாத்தா என்பார்கள், அண்ணனைக் காக்கா என்பார்கள். பூமிக்கு மேலே, எங்கேயோ, ஒரு விண்வெளி நிலையத்தில் வாசல் காவலர்.

விளையாட்டுதான். செல்போனில் ஆடுகிற விளையாட்டு. ஆனால் அதை விளையாட்டு என்று அவர் முன்னால் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. கொரோனா காலத்தில் விமானம் எல்லாம் நின்றுபோய், சவூதியில் தம்மாமில் மாட்டிக்கொண்ட இரண்டு ஆண்கள் பொழுது போகாமல் கட்டிய நிலையம் அது. ஒருவர் லாத்தாவின் வீட்டுக்காரர் பீர் முகம்மது. அவர்தான் கமாண்டர். இன்னொருவர் லாத்தாவின் கூடப்பிறந்த ஒரே அண்ணன் முஜாஹித், துணைக் கமாண்டர். சென்னையில் படிக்கிற மகன் ஃபைசல் எஞ்சின் அறையில். ஹாங்காங்கிலும் கொழும்பிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் சிப்பாய்கள். எப்போதும் வீட்டில் இருக்கிற ஆள் ஒன்று வாசலுக்கு வேண்டும் என்று லாத்தாவைச் சேர்த்தார்கள்.

"வாசல்ல நின்னு ஆளு வாரதப் பாக்குறது எனக்கென்ன புதுசா?" என்று சிரிப்பார்.

அது சிரிப்பதற்கான பேச்சில்லை. ஃபைசல் தொட்டிலில் கிடந்தபோது போனவர் பீர் முகம்மது. அதுவரை தூத்துக்குடி ஹார்பரில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். முஜாஹித் காக்காதான் விசா எடுத்துக் கொடுத்துக் கூட்டிப்போனார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாசம் லீவு, அவ்வளவுதான். மகள் ருமைஸா பிறந்ததையே அவர் போனில்தான் பார்த்தார். ஆக மொத்தம், இந்தக் குடும்பம் ஒன்றாக ஒரே கூரைக்கு அடியில் இருந்தது அந்த நிலையத்தில்தான். லாத்தா சேர்ந்த அன்று கமாண்டருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று உறுதிமொழி எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எடுத்துவிட்டு, கடைசியில் "இன்ஷா அல்லாஹ்" என்றும் சேர்த்திருக்கிறார். சிப்பாய்கள் எல்லாரும் "ஆமீன்" சொன்னார்களாம்.

ஒரு தடவை டிஸ்ப்ளே மாற்றிக் கொடுக்கும்போது பார்த்தேன். லாத்தா பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சாவிப் படம். கமாண்டர் பெயருக்குப் பக்கத்தில் அது இல்லை.

"இது என்ன லாத்தா, சாவி?"

"நெலயம் எம்பேர்லதான இருக்கு."

"கமாண்டர் அவுக. பட்டா மட்டும் உங்க பேர்லயா?"

"பின்ன யார் பேர்ல இருக்கும்?" என்று என்னைப் பார்த்தார், ஏதோ அறிவு கெட்டவளைப் பார்ப்பதுபோல.

அப்புறம்தான் எனக்கு விளங்கியது. காயல்பட்டினத்தில் வீடு என்பது பெண்ணுக்கு. மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் முடிப்பார்கள். மாப்பிள்ளை வந்து அங்கே இருப்பார். மகன் கல்யாணம் முடித்து இன்னொரு வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போய்விடுவான். எல்லாரும் சேர்ந்த பிறகு நிலையத்தை யார் பெயரில் பதிவது என்று விளையாட்டு கேட்டிருக்கிறது. இரண்டு ஆண்களும் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் ருகையா என்று போட்டிருக்கிறார்கள். பழக்க தோஷம். வானத்துக்குப் போனாலும் வீடு பொம்பளை பேரில்தான்! நான் அன்றைக்குப் பஸ்ஸில் ஆத்தூர் வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

போன வருஷக் கடைசியில் சிரிப்பெல்லாம் நின்றது. அடிப்படைக் காரணம் விளையாட்டு இல்லை. தம்மாமில் இருவரும் ஒரே கம்பெனி, ஒரே ரூம். பீர் முகம்மதுக்கு சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. ஆள் குறைக்கிற நேரம் வந்தபோது, தூரத்துக் கேம்புக்கு யாரை அனுப்பலாம் என்று ஆபீஸில் பேச்சு. முஜாஹித் பெயர் வந்தபோது பீர் முகம்மது வாயைத் திறக்கவில்லை. விசா எடுத்துக் கூட்டிப்போன மச்சானை, பீர் முகம்மது கண் முன்னாலேயே பெட்டியைக் கட்ட வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து இருவருக்கும் போன் பேச்சு கிடையாது. நிலையத்தில் மட்டும் பேசினார்கள், கமாண்டரும் துணைக் கமாண்டருமாக. பிறகு அதுவும் கெட்டது. கமாண்டர் சொன்ன ஒரு உத்தரவுக்கு முஜாஹித், "ஓம் உத்தரவுக்கு ஆடுறதுக்கு வேற ஆளப் பாரு" என்றார். ஆளுக்குப் பாதிச் சிப்பாய்கள் பிரிந்தார்கள். மேல்தட்டு கமாண்டருக்கு. எஞ்சினும் கீழ்த்தட்டும் முஜாஹித்துக்கு. பெற்ற மகன் ஃபைசல் மாமா பக்கம் போய்விட்டான். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கேட். கேட்டில் ருகையா லாத்தா. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அந்தச் சண்டை தொலைக்காட்சித் தொடரைவிட ருசியாக இருந்தது. லாத்தாவின் முகத்தைப் பார்க்கிற வரைக்கும்.

"முத்து, அடுத்த மாசம் ருமைஸாவுக்குக் கல்யாணம். காக்கா வர மாட்டாகளாம். அவுக இல்லாத பந்தல்ல நான் எந்த மொகத்தோட நிப்பேன் சொல்லு? நெலயத்துலயாச்சும் ரெண்டு பேரும் ஒரு எடத்துல நிக்காகளேன்னு இருந்தேன். அதுவும் போச்சுன்னா எனக்கு ஒண்ணுமில்ல."

அவர் அழுதபோது எனக்கு அந்த இரண்டு ஆண்கள் மேலும் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. வயசாகிறதே தவிர அறிவு வளர்ந்ததா?

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாத்தா எனக்குப் போன் போட்டார். "சார்ஜே ஏற மாட்டேங்கு, ஓடி வா." போய்ப் பார்த்தால் சார்ஜர் குத்துகிற பின் ஆடிப்போயிருந்தது. மாற்றுவதற்குப் போனை அணைக்க வேண்டும். நிலையத்தில் சண்டை முற்றி, அணைக்க முடியாத நேரம் அது. வயரை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால் மட்டும் சார்ஜ் ஏறியது. அதனால் நான் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். கரும்பு தின்னக் கூலியா!

ஸ்பீக்கரில் பீர் முகம்மது குரல் வந்தது. "காவலர் ருகையா. கீழ்த்தட்டுக்குப் போற காத்தை அடை. இது கமாண்டர் உத்தரவு."

காற்றை அடைத்தால் கீழே இருக்கிற அத்தனை பேரும் செத்துப்போவார்கள். அந்த விளையாட்டில் செத்தவர்கள் அந்த நிலையத்துக்குத் திரும்ப வர முடியாது. அதுதான் சட்டம்.

"கீழ ஒங்க மவனும் நிக்கான்" என்றார் லாத்தா.

"கலகக்காரன்னா மவனென்ன, மச்சானென்ன. உறுதிமொழி எடுத்திருக்கா இல்லியா நீ?"

உடனே முஜாஹித் குரல். "ருகையா, கேட்டத் தொற. நாங்க மேல ஏறி வாரோம். ஒரு உம்மா வயித்துல பொறந்தவ நீ. யார் பக்கம்னு இப்பச் சொல்லிரு."

லாத்தாவின் விரல் காற்றுப் பொத்தானுக்கும் கேட் பொத்தானுக்கும் நடுவில் போய்ப் போய் வந்தது. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும். ஆனால் கட்டினவர் சொல்லுக்கும் இத்தனை வருஷமாக ஆடிய உடம்புதானே அது? எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "லாத்தா, வீடு யாருது?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அந்தச் சாவிப் படத்தைப் பார்த்தார். மூக்கை முக்காட்டால் துடைத்துவிட்டு அதை அழுத்தினார். நிலையத்துக்குச் சொந்தக்காரர் யாரை வேண்டுமானாலும் வெளியேற்றலாம் என்று பெயர் வரிசை வந்தது. முதலில் முஜாஹித் பெயர் மேல் விரலை வைத்தார், அப்புறம் பீர் முகம்மது பெயர் மேல். வெளியேற்று. இருவரையும் விளையாட்டு ஒரே உயிர்காப்புப் படகில் ஏற்றி நிலையத்துக்கு வெளியே தள்ளிவிட்டது. கேட் மூடிக்கொண்டது. படகில் காற்று கொஞ்ச நேரத்துக்குத்தான் வரும்.

ஃபைசல்தான் முதலில், "உம்மா..." என்றான்.

"நீ சும்மா கெட. ரெண்டு தட்டுக்காரங்களும் துப்பாக்கியக் கீழ வைங்க" என்றார் லாத்தா. எனக்குப் புல்லரித்துவிட்டது.

"ஏளா, என்ன காரியம் பண்ணிட்ட?" என்று கத்தினார் கமாண்டர்.

"எம் வீட்டுக்குள்ள நின்னு அடிச்சுக்கிட்டிய. வெளிய தள்ளிட்டேன். காத்தடை, கேட்டத் தொறன்னு ஆளாளுக்குச் சொன்னியளே, எனக்கு எப்படி இருக்கும்னு ஒருத்தராவது கேட்டியளா? நான் உறுதிமொழி எடுத்தது இந்தக் கூரைக்காவ. இது ஒடஞ்சா நாம எல்லாரும் எங்க போயி ஒண்ணாச் சேருவோம்? ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டு வாங்க. இல்லன்னா அங்கனயே மவுத்தாப் போங்க, நானும் போனத் தூக்கி முடுக்குல எறிஞ்சிருதேன்."

ஸ்பீக்கரில் ஃபேன் சத்தம் கேட்டது. தம்மாம் ஃபேனா, கேம்ப் ஃபேனா தெரியவில்லை. எனக்குக் கட்டை விரல் மரத்துப்போயிற்று. விடவில்லையே நான்!

முதலில் பேசியது முஜாஹித். "மாப்ள. ஆபீஸ்ல எனக்காவ ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒங்க வாய் வெந்தா போயிருக்கும்?"

சிவப்பு விளக்கு ஒன்று படகின் மேல் விட்டு விட்டு எரிய ஆரம்பித்தது.

"பயந்துட்டேன் மச்சான்" என்றார் பீர் முகம்மது. கமாண்டர் குரல் இல்லை அது. "ஒங்க பேரச் சொன்னா அடுத்து எம்பேரையும் சேத்துருவானுவன்னு பயந்துட்டேன். ரூம்ல ஒங்க கட்டிலு காலியாத்தான் கெடக்கு. அதப் பாக்க மாட்டாம செவத்தப் பாத்துப் படுக்கேன்."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

"எந்த மொகத்தோட சொல்ல?"

முஜாஹித் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "சரி, விடுங்க. காத்து தீரப் போவுது. கேட்டுக்குப் படக விடுங்க."

படகு கேட்டில் வந்து முட்டியது. லாத்தாவுக்குக் கண்ணீர் தாரை தாரையாக ஓடுகிறது. ஆனால் திறக்கவில்லை. காவலர் இல்லையா!

"யாரு வாரது? பேரும் பதவியும் சொல்லு."

"முஜாஹித். ருகையாவுக்குக் காக்கா. கல்யாணத்துக்கு டிக்கெட் போடப் போறேன்."

"கூட யாரு?"

கமாண்டரே பதில் சொன்னார். "பீர் முகம்மது."

"பேரு சரி. பதவி?"

"அந்த வீட்டு மாப்பிள்ள."

லாத்தா கேட்டைத் திறந்தார். இரண்டு தட்டிலிருந்தும் சிப்பாய்கள் போட்ட கூச்சலில் ஸ்பீக்கர் கிழிந்துவிடும்போல் இருந்தது. கல்யாணப் பந்தியில் மாமாவையும் வாப்பாவையும் பலர் சேர்ந்து உண்ணும் சஹன் தட்டு ஒன்றில் உட்கார வைத்துச் சோறு போடுவேன் என்று ஃபைசல் கத்தினான். லாத்தா கண்ணைத் துடைத்துவிட்டு, வயரை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்த என் கையைத் தொட்டார்.

"விடு முத்து. இனி போன் செத்தாச் சாவட்டும்."