யூலிற்றாவின் கிழமை அறிக்கை

யூலிற்றாவின் பாட்டனார் சூசைப்பிள்ளை 1949இல் முல்லைத்தீவுக் கரையோரச் சிற்றூர் ஒன்றில் மரியாயின் சேனை என்ற கத்தோலிக்கச் செப, சேவை அமைப்பின் கிளையைத் தொடக்கியவர். ஞாயிறு பின்னேரக் கூட்டத்தில், சென்ற கிழமை தமக்கு ஒப்படைத்த வேலையை நிறைவேற்றினோமா என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்லவேண்டும். 'வேலை செய்யவில்லை' என்ற சொல் அக்குடும்பத்தவர் எவர் பெயருக்கு நேரேயும் குறிப்பேட்டில் ஏறியதில்லை. யூலிற்றாவைப் பெற்றெடுத்த கிழமையிலும், ஆசுபத்திரியில் அடுத்த கட்டில்காரிக்கு ஆறுதல் சொன்னதைத் தாய் திரேசம்மா அறிக்கையாக எழுதி அனுப்பியவர்.

1990 ஆடியில் செல்லடி தொடங்க, எறிகணைகளுக்குத் தப்பி ஊரே நெடுங்கேணிக்கு நடந்தது. அந்த ஞாயிறு, அடைக்கலம் தந்த அன்னபாக்கியத்தின் மாமரத்தடியில் கூட்டம் கூடியது. சைவ சமயக்காரியான அவர் மேசையைத் தந்ததோடு, மாதாவின் சொரூபத்துக்கு இருபுறமும் செவ்வரத்தம்பூவும் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனார்.

செயலாளர் யூலிற்றாவுக்குப் பேனை ஓடவில்லை. நடக்கமாட்டாத யாக்கோப்பரை வீடு சென்று சந்தித்து அவரோடு செபிப்பதே அவளுக்கு ஒப்படைத்த வேலை. சந்திப்புக்கென்று அவர் வீட்டுப் படலையை அவள் அந்தக் கிழமை திறக்கவேயில்லை. நாற்பத்தோராண்டுப் பெயரைத் தன் கையாலேயே கெடுக்க வேண்டும். பொய் எழுதவும் மனம் ஒப்பவில்லை.

தலைவி கலிஸ்ரா பெயர் வாசித்தார். யூலிற்றா எழுந்தாள்.

"வேலை செய்யேல்லை, அக்கா."

"என்ன கதை இது? யாக்கோப்பர் அம்மானை மூண்டு நாளா சைக்கிளிலை இருத்தி உருட்டிக்கொண்டு வந்தது ஆர்?"

"அது இடம்பெயர்ந்து வந்தது. வீட்டுச் சந்திப்பு இல்லையே."

பாயில் சரிந்திருந்த யாக்கோப்பர் தலையை நிமிர்த்தினார். "எனக்கு இப்ப வீடு எங்கையடி பிள்ளை? மூண்டு நாளும் உன்ரை கரியர்தான் என்ரை வீடு. செபமாலை சொல்லுங்கோ, சொல்லுங்கோ எண்டு என்னை ஒரு கண் நித்திரை கொள்ள விட்டனியே? அதையும் எழுது."

மரத்தடி சிரித்தது.

"ஓம் பிள்ளை," என்றது குசினிக்குள்ளிருந்து அன்னபாக்கியத்தின் குரல். "படலையடியிலை வரேக்கையும் அந்தாள் செபம் சொல்லிக்கொண்டுதான் வந்தவர். நான் கேட்டனான்."

"சைவக்காரியே சாட்சி," என்றார் கலிஸ்ரா. "எழுதும்."

யூலிற்றா எழுதினாள்: 'நோயாளர் சந்திப்பு ஒன்று. செய்து முடிந்தது.' பாட்டனார் காலம் தொட்டு 'இரண்டு மணித்தியாலம்' என்றே நிரம்பிவந்த நேரக் கட்டத்தில் 'மூன்று பகல், இரண்டு இரவு' அடங்கவில்லை. மிச்சத்தை ஓரத்துக்கு ஏற்றி எழுதிவிட்டு, முடிவுச் செபத்தை எல்லோருக்கும் மேலான குரலில் அவளே தொடங்கினாள்.