கன்வர்ட் என்ற சொல்

கோபம் ஒரு மேகம், வரும், போகும், நீ வானமாக இரு என்று போன வருடம் ஓர் அம்மையார் எனக்குச் சொன்னார். அவர்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஒரு சர்ச். ஞாயிறு மாலையில் அதன் கூடத்தில் நாற்காலிகளை ஓரம் தள்ளி, வட்டமாகத் திண்டுகள் போட்டு, இருபது பேர் தியானம் செய்வார்கள். நடத்துகிறவர் அந்த அம்மையார். வெள்ளைக்காரர், இளம் வயதில் பர்மாவில் கற்றுக்கொண்டு வந்தவர், அதிர்ந்து பேசமாட்டார். புத்தரை நன்றாகச் சலித்து வைத்திருந்தார். சரணம் கிடையாது, பஞ்சசீலம் கிடையாது. அதெல்லாம் மதமாம், அமெரிக்காவுக்கு ஒத்துவராதாம். மூச்சு மட்டும் போதும் என்பார். மூச்சுக்கு ஜாதி இல்லையே என்று நானும் சந்தோஷமாகத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனவர் ஒரு தமிழர். ஈரோட்டுப் பக்கம், இரண்டு தெரு தள்ளி வீடு. பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனில் கார் நிறுத்த பர்மிட் வாங்குவதற்குள் தலை நரைத்துவிடும். அவரிடம் இருந்தது, என்னிடம் இல்லை. அதனால் மூன்று வருடம் அவர் காரில்தான் ரயிலுக்குப் போனேன். "சும்மா வாங்க ஜி, ஸ்ட்ரெஸ்ஸுக்கு நல்லதுங்க" என்றார் ஒருநாள். பிறந்ததிலிருந்து நான் பௌத்தன் என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி வரும். எங்கள் ஹாலில் இருந்த புத்தர் படத்தை அவர் டெக்கரேஷன் என்று நினைத்துக்கொண்டார், நானும் விட்டுவிட்டேன். குலதெய்வம் எது என்று கேட்டபோது, வீட்டில் அவ்வளவாகச் சாமி கும்பிடுவதில்லை என்று மழுப்பினேன். அமெரிக்கப் பௌத்தம் எனக்கு வசதியான முக்காடாக இருந்தது. அதை நினைத்தால் என்மேலும்தான் கோபம் வருகிறது.

அப்பா வேலூர்ப் பக்கம் தபால்காரர். மேலத்தெருவுக்குள் அவர் சைக்கிள் ஓட்டக் கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கடிதத்தைக் கையில் வாங்கமாட்டார்கள், படியில் வைத்துவிட்டு நகர வேண்டும். காக்கி உடுப்பு போட்டிருந்தாலும் அதே கதைதான். முப்பத்திரண்டாவது வயதில், எங்கள் தெருவின் நாற்பது குடும்பங்களோடு, வெள்ளை உடுத்தி, புத்தம் சரணம் சொல்லி மாறினார். மறுநாள் மேலத்தெருவில் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. அடித்தார்கள். அதற்கு அடுத்த நாளும் அவர் இறங்கவில்லை. அந்தக் கோபம்தான் என்னைப் படிக்கவைத்தது.

அவர் இறந்தபோது விசா சிக்கலால் என்னால் ஊருக்குப் போக முடியவில்லை. முதல் நினைவு நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று வட்டத்தில் ஐந்து நிமிடம், அவருக்காகச் சரணமும் பஞ்சசீலமும் சொல்லட்டுமா என்று அம்மையாரிடம் கேட்டேன். உடனே சம்மதித்தார். நான் சொல்லி முடித்ததும் எல்லோரையும் பார்த்து, இவருடைய குடும்பம் இரண்டாயிரம் வருடமாகப் பௌத்தக் குடும்பம், இவர் நம்மோடு உட்காருவது நம் பாக்கியம் என்றார். அப்பா அடிவாங்கி எடுத்துக்கொண்டதைப் பரம்பரைச் சொத்தாக்கிவிட்டார்! எனக்குப் பொறுக்கவில்லை. இல்லை, என் அப்பாதான் கன்வர்ட் ஆனார் என்று இங்கிலீஷில் சொன்னேன்.

மற்றவர்களுக்கு அது அழகான செய்தி. புன்னகையோடு தலையாட்டினார்கள். ஒருவருக்கு மட்டும் புரிந்தது. அப்பாவின் ஊரும் வேலையும் கார்ப் பேச்சில் அவருக்கு ஏற்கெனவே தெரியும். வேலூர்ப் பக்கத்தில் ஒரு தபால்காரர் புத்த மதத்துக்கு மாறினார் என்றால் அவர் எந்தத் தெரு என்று ஈரோட்டுக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை அவரிடமிருந்து போனில் மெசேஜ் வந்தது. ஆபீஸ் டைமிங் மாறிவிட்டதாம், இனிமேல் நானே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். என் மனைவி என்னை ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டாள். அதே ரயிலுக்கு, பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் அவர் நின்றுகொண்டிருந்தார். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். மூன்று வருடம் தன் பிளாஸ்க் காபியில் பாதியை எனக்கு ஊற்றிக்கொடுத்த மனிதர்.

சனிக்கிழமை அம்மையாரைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். நெஞ்சில் கைவைத்துக் கேட்டார். அப்போதுதான் அந்த மேகக் கதையைச் சொன்னார். உன் ஊர்க்காரரும் துன்பப்படுகிறார், அவருக்கு அன்பை அனுப்பு என்றார். துன்பப்பட்டு மாறியவர் என் அப்பா, அந்த மனிதர் மாற்றியது பிளாட்பாரத்தில் நிற்கும் இடத்தை என்றேன். ஒரு தெருவுக்குள் யார் வரலாம் என்ற கேள்விக்காக நாங்கள் புத்தரிடம் போனோம், நீங்கள் அந்தக் கேள்வியைத் தூக்கிப் போட்டுவிட்டு மூச்சை மட்டும் வைத்துக்கொண்டீர்கள் என்றும் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. வட்டத்தில் இனி அரசியல் வேண்டாம், மற்றவர்களுடைய அமைதி கெடும் என்று அதே மெல்லிய குரலில் சொன்னார்.

எனக்கு ஈரோட்டுக்காரருடைய காரும் வேண்டாம், காபியும் வேண்டாம். அப்பாவுக்காகச் சரணம் சொன்ன அதே கூடத்தில், அவர் எதற்காக மாறினார் என்பதும் சொல்லப்பட வேண்டும். அது நடக்காவிட்டால் நானும் அவரை ஒருமுறை சைக்கிளை விட்டு இறக்கியவன் ஆவேன்.

மறுநாள் போனேன். ஈரோட்டுக்காரரும் வந்திருந்தார். தியானம் முடிந்து ஒவ்வொருவராகப் பேசினார்கள். என் முறை வந்ததும் எழுந்து, அவரைப் பார்த்துத் தமிழில் கேட்டேன்.

"ஜி, எங்கப்பா எதுக்கு மாறுனாருன்னு இங்க உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நீங்க ஏன் என்னை வண்டியில ஏத்தலன்னும் தெரியும். இவங்களுக்கு நீங்களே சொல்லுங்க."

நான் என்ன சொன்னேன் என்று அம்மையார் அவரிடம் கேட்டார். அவர் நல்ல இங்கிலீஷில் சொன்னார், அப்பா ஞாபகம் வந்துவிட்டதாம், மனது ரொம்பக் கஷ்டமாக இருக்கிறதாம்.

வட்டம் முழுக்க எனக்காகக் கைகூப்பியது. அவரும் கூப்பினார்.

கையைக் கீழே இறக்குங்கள் என்றேன். பிறகு எங்கள் தெருவின் பெயரிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றாக, அவர்களுக்குப் புரியும் இங்கிலீஷில் சொன்னேன்.