எச்சரிக்கையை அடக்கிய அன்சைன்டு

ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் எக்ஸ்ரேக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருஷமாக எலும்பைப் படம் பிடிக்கிறவர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செஸ் எஞ்சின், அதாவது தானாகச் செஸ் ஆடும் புரோகிராம், எழுதுவார். மனைவி இறந்துபோய் எட்டு மாதம் ஆகியும் அந்தப் பழக்கம் மாறவில்லை. அழுகை மட்டும் வரவே இல்லை. சரி, வரும்போது வரட்டும் என்று விட்டுவிட்டார்.

வெளியூரில் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். சாப்பிட்ட கையோடு எஞ்சினோடு விளையாட உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அப்பா, இது சும்மா ஒரு சிப்பாயைத் தூக்கிக் குடுத்துச்சு. சரி, பாவம்னு என் ராணியை அது வாய்க்கு நேரா வெச்சேன். திரும்பிக்கூடப் பாக்கல!"

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டுக் குறிப்புகளைப் பார்த்தார். எஞ்சின் தன் காய்களைக் கூட்டி எதிராளியின் காய்களைக் கழித்து மதிப்பெண் போடும். ஒரு சிப்பாய் குறைந்தால் மைனஸ் நூறு. திரையில் நின்றதோ அறுபத்தைந்தாயிரத்து நானூற்று முப்பத்தாறு.

"அன்சைன்டு," என்றார்.

"அப்படின்னா?"

"மைனஸே தெரியாத எண். பூஜ்யத்துக்குக் கீழ போனா மறுபடி உச்சியில போய் நிக்கும். தோத்துக்கிட்டிருக்கறப்ப பிரமாதமா ஜெயிக்கிறோம்னு நினைச்சிருக்கு. உன் ராணியை வெட்டினா வெறும் எண்ணூறு. அதான் தொடல."

"அப்ப எல்லாத்தையும் மைனஸ் தெரிஞ்ச எண்ணா மாத்திடுங்க."

"சைன்டு. எல்லாத்தையும் மாத்த முடியாதும்மா. பலகையில அறுபத்துநாலு கட்டம். எந்தக் கட்டத்துல காய் இருக்குங்கறதை ஒரே எண்ணுல, கட்டத்துக்கு ஒரு புள்ளியா வெச்சிருக்கேன். சைன்டு ஆக்கினா கடைசிக் கட்டத்தோட புள்ளி மைனஸ் குறியாயிடும். அந்த மூலையில யானை நின்னா, எண்ணை நகர்த்தறப்ப இல்லாத காயெல்லாம் முளைக்கும். பலகை அன்சைன்டாவே இருக்கணும். மதிப்பெண்தான் சைன்டு."

இது அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. அப்புறம் எப்படி மாறியது? பழைய பதிவைத் தேடினார். இரண்டு வகை எண்களையும் ஒப்பிடாதே என்று, எழுதியதைச் சரிபார்த்து ஓடவைக்கும் கம்பைலர் எச்சரித்த இடத்திலெல்லாம் யாரோ அன்சைன்டு என்று போட்டு அதன் வாயை அடைத்திருந்தார்கள். யாரோ என்ன, அவரேதான். தேதி, மனைவியை அடக்கம் செய்த நாள். மாலை நாலு மணி பத்து நிமிஷம்.

மகளும் எட்டிப் பார்த்தாள். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"வந்தவங்க எல்லாம் உங்களைத்தான் கேட்டாங்கப்பா. நீங்க உள் ரூம்ல கம்ப்யூட்டரைத் தட்டிக்கிட்டு இருந்தீங்க. நான்தான் கதவைச் சாத்தினேன்."

"நானா தட்டிக்கிட்டிருந்தேன்?"

"ஆமா."

எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. வருத்தமும் வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல இருந்தது.

மகள் ஒவ்வொரு வரியாக வாசித்தாள். இது பலகையா, மதிப்பெண்ணா என்று பார்த்துப் பார்த்து அவர் மாற்றினார். பதினேழு இடம். டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. மறுபடி விளையாடினார்கள். இந்த முறை எஞ்சின் மல்லுக்கட்டியது. ஒரு குதிரையை இழந்ததும் திரையில் மைனஸ் முந்நூற்றிருபது என்று வந்தது. முப்பத்தெட்டாவது நகர்வில் மகள் ஜெயித்தாள்.

"இப்பதான் ஒழுங்கா தோக்குது," என்றாள்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது கேட்டார். "அன்னிக்கு மழை பெஞ்சுதா?"

"நல்ல மழை. அடக்கத்துக்குக் கிளம்பறப்ப நீங்கதான் எல்லாருக்கும் குடை எடுத்துக் குடுத்தீங்க."

"அப்படியா."

பஸ் வந்தது. "வரேன்பா, வேளைக்குச் சாப்பிடுங்க" என்று அவள் ஏறிக்கொண்டாள். அவர் வீட்டுக்கு வந்து இரண்டு டம்ளரையும் கழுவிக் கவிழ்த்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கு டியூட்டி.