ஆடியில் காலி செய்யச் சொன்னேன்

மலைத் தோட்டங்களின் வெள்ளைக்காரத் துரைகள் குடும்பத்தைத் தங்கவைக்க எங்கள் போடியில் வீடு தேடத் தொடங்கியதும் வாடகையெல்லாம் ஏறிவிட்டது. போன ஆனிக் கடைசியில் ஒரு துரை என் வீட்டுக்கு இரட்டை வாடகை தருவதாகச் சொன்னார். அதில் வண்டிக்கார மாயாண்டியும் மனைவி பேச்சியம்மாளும் ஆறு வருஷமாகக் குடியிருந்தார்கள். மாயாண்டி பாரம் ஏற்றி மலைக்குப் போயிருந்தார்.

அன்றே பேச்சியம்மாளிடம் போய், "துரை அவசரப்படுறாக. நாலு நாள்ல காலி பண்ணிரும்மா" என்றேன்.

கைக்குழந்தையோடு அவள் தெருத்தெருவாக அலைந்தாள். அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யார் புதுக்குடி வைப்பார்கள்? மிஞ்சியது சத்திரம்தான்.

துரை வீடு பார்க்க வந்த அன்று அவள் நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஆவணி வரைக்கும் பொறுங்க துரை. ஆடியில எங்களுக்கு ஒருத்தரும் வீடு தர மாட்டாக."

துரை என்னைத் திரும்பிப் பார்த்து, தோட்டத்தில் பழகிய தமிழில், "நான் அவசரம் சொன்னேனா? ஆவணி போதும்" என்றார்.

அவர் சொல்லவேயில்லை. வேறு வீடு பார்த்துவிடுவாரோ என்று பயந்து, என் அவசரத்தை அவர் தலையில் போட்டவன் நான்தான்.

ஆவணியில் பக்கத்துத் தெருவில் நானே அவர்களுக்கு வீடு பிடித்துக் கொடுத்தேன். பால் காய்ச்சிய அன்று பேச்சியம்மாள் டம்ளரை நீட்டி, "இங்கனயும் துரை யாராச்சும் வந்தா எங்கிட்டயே கூட்டியாங்கண்ணே, நான் பேசிக்கிறேன்" என்று சிரித்தாள்.

இப்போது வீடு கேட்டு யார் வந்தாலும், "எப்போது வேண்டும்?" என்றுதான் முதலில் கேட்கிறேன். அதையும் குடியிருப்பவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்கிறேன்.