கல்வரப்பைப் படம் பிடித்தவர்

திருப்பதியில் நான் ஸ்டுடியோ வைத்திருந்தபோது, புத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர் ஒருவர் ஃபிலிம் சுருளோடு வந்தார். கப்பலில் வெல்டர். ஒல்லியான ஆள், முழங்கை வரை தீப்பொறித் தழும்புகள். ஒவ்வொரு படத்தையும் தொடுவதற்கு முன் விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொள்வார்.

கப்பல் பழுதுபார்ப்புக்காகப் பிலிப்பைன்ஸில் நின்ற நாட்களில் ஊர் சுற்றி எடுத்த படங்கள் அவை. எரிமலை ஒன்று, பழைய கல் சர்ச் ஒன்று. மீதியெல்லாம் மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் நெல்வயல்கள். அதிலும் வயல்களைத் தாங்கும் கல்வரப்புகளைத்தான் மிகக் கிட்டத்தில் எடுத்திருந்தார். ஒன்றில்கூட அவர் இல்லை.

“இன்னாபா, அவ்ளோ தூரம் போயி கல்லைப் படம் புடிச்சினு வந்துகிறே?” என்றேன்.

“எங்க நைனாவுக்கு கவர்மெண்டுல மலையடியில நெலம் குடுத்தாங்கண்ணா. எங்க வம்சத்துலயே மொத நெலம். ஒரே சரிவு, மழை பேஞ்சா மண்ணு பூடுது. அந்த ஊர்ல கல்லை எப்டி அடுக்கிகிறாங்கன்னு அவரு பாக்கணும். பெருசா போட்டுக் குடுண்ணா.”

படத்தைப் பார்த்து வரப்பு கட்டிவிட முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் பெரிதாகவே போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த விடுப்பில் இன்னொரு சுருள் கொண்டுவந்தார். செம்மண் சரிவில் நான்கு கல்வரப்புகள், இடையில் பச்சைப்பசேலென்று வேர்க்கடலை. மேல்வரப்பில் அவருடைய அப்பா இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

வெல்டரிடம் கேட்டுக்கொண்டு, அதில் ஒரு பிரதியைக் கடை முகப்பில், கல்யாணப் படங்களுக்கு நடுவே வைத்தேன். அவருடைய பெயரைக் கேட்கத்தான் தோன்றவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் எந்த நாடு என்று கேட்டார்கள். “நம்ம புத்தூருதான்” என்று சொல்லும்போது, நானே கல் சுமந்ததுபோல எனக்கொரு பெருமை.