எதிர்ச்சுவரில் இருக்கும் அண்டைவீடு

இந்த ஜெர்மன் ஊரில் எதிர்வீட்டுக்காரரின் முகம் தெரியாமலே எட்டு மாதம் ஓட்டிவிடலாம், நான் ஓட்டினேன். பொங்கலன்று மனசு கேட்காமல் ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கலோடு போய்க் கதவைத் தட்டினேன். திறந்த அம்மாள் பதறிப்போய், "மன்னியுங்கள், ரேடியோவைக் குறைத்துவிடுகிறேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். பொங்கலை நானே தின்றேன்.

இதில் வேடிக்கை, எனக்குச் சம்பளமே அண்டை அயலை எண்ணுவதற்குத்தான். கணினிக்குள் ஒரு பெட்டி. அதில் லட்சக்கணக்கான நிக்கல் அணுக்கள். ஒழுங்காக அடுக்கிய நிக்கலில் ஒவ்வோர் அணுவுக்கும் பன்னிரண்டு அண்டை அணுக்கள். எண்ணிக்கையும் அடுக்கும் சரியாக இருந்தால் புரோகிராம் அதற்குப் பச்சை நிறம் தரும். இல்லையென்றால் சிவப்பு, அதாவது குறை. என் பெட்டியின் ஓரமெல்லாம் சிவப்பு. இத்தனை குறைகளா என்று பேராசிரியருக்கு ஒரே மகிழ்ச்சி. கட்டுரை வெளிவந்தால் வேலை இரண்டு வருடம் நீளும், என் மனைவி ரேவதியை அழைத்துக்கொள்ளலாம். திருவள்ளூரிலிருந்து அவள் போனில் கேட்டபடியே இருந்தாள்: "இன்னாங்க, விசா இன்னா ஆச்சு? பக்கத்து ஊட்டு அக்கா கூட கேட்டுக்கினே கீறாங்க."

பக்கத்து மேசை மார்ட்டின்தான் ஒருநாள் ஓரத்துச் சிவப்பு அணு ஒன்றைக் காட்டி, "இதன் மீதி அண்டை அணுக்கள் எங்கே?" என்றான்.

"இல்லை. இது ஓரம்."

"இங்கே ஏது ஓரம்?" என்று விரலைத் திரையில் பெட்டியின் எதிர்ச்சுவருக்கு நகர்த்தினான்.

இடப்பக்கம் வெளியேறும் அணு வலப்பக்கமாக உள்ளே வரும்படி கணக்கை அமைத்ததே நான்தான். ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், கம்பி ஆலையின் சோதனைக்கூடத்தில் ஆறு வருடம் கம்பியை அறுத்து, தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தவன். அறுத்த துண்டுக்கு ஓரம் உண்டு. அதற்கு அப்பால் ஒன்றும் கிடையாது. அந்தக் கண்ணோடே பார்த்ததால், எதிரெதிர்ச் சுவர்களைச் சேர்த்து எண்ணச் சொல்லும் கட்டத்தில் டிக் போடத் தோன்றவே இல்லை.

போட்டேன். ஓரம் முழுக்கப் பச்சையானது. நடுவில் மெல்லிய கோடாக ஒரே ஓர் அடுக்குப் பிசகு மிஞ்சியது, உண்மையான குறை அது ஒன்றுதான். பேராசிரியரிடம் அன்றே சொல்லிவிட்டேன். கட்டுரை கைவிட்டுப் போயிற்று, வேலை ஆறு மாதம்தான் நீண்டது. அதை வைத்து ரேவதியை அழைக்க முடியாது.

"நீங்க சொல்லாம வுட்டிருந்தா யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள்.

"எனக்குத் தெரியுமே."

"சரி, சாப்டீங்களா?" என்றாள். அழுகை வந்தது எனக்குத்தான்.

அந்த ஓரத்து அணுவுக்கு எட்டுப் பேர் இந்தப் பக்கம், நாலு பேர் எதிர்ச்சுவரில். எனக்குப் பன்னிரண்டு பேரும் அந்தச் சுவரில்தான், திருவள்ளூரில். இந்தப் பக்கம் எதிர்வீட்டு ரேடியோ மட்டும். அதுவும் எனக்காகக் குறைத்து வைத்தது.